கிள்ளும் கை

கொடைக்கானலில் இரண்டாண்டுக் காலம் நான் குடியிருந்த வாடகை வீட்டின் பின்புறத்தில், சமையற்கட்டு ஜன்னலுக்கு எதிரே, இரண்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்த பைன் மரம் ஒன்று நின்றது. அதன் கீழ்க் கிளைகள் வெளிச்சத்தை மறைக்கின்றன என்று வீட்டில் ஓயாமல் குறை சொல்லவே, சமவெளியில் பிறந்து வளர்ந்தவனுக்கு உரிய தன்னம்பிக்கையோடு நான் ஓர் அரிவாளை எடுத்துக்கொண்டு போய், நான்கு கிளைகளை அவற்றின் ஊசியிலைப் பகுதி முழுவதும் போகும்படி தறித்து, முழ நீளக் கட்டைகளாக நிறுத்திவிட்டு வந்தேன். முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த காது என்னுடையது; வேம்பும் பூவரசும் கிளுவையும் வெட்ட வெட்டத் தழைப்பதைப் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. ஆகவே மழை விழுந்தால் கட்டைகளின் நுனியில் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும், அப்போது வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைக் கழிக்கலாம் என்று காத்திருந்தேன். ஒரு மழைக்காலம் போயிற்று. மறு மழைக்காலமும் வந்து போயிற்று. வெட்டுவாயில் பிசின் திரண்டு மஞ்சள் நிறமாக உறைந்ததே தவிர, பச்சையாக ஒரு புள்ளிகூடத் தலைகாட்டவில்லை.

பக்கத்துப் பங்களாவில் வேலை பார்த்துவந்த முதிய தோட்டக்காரர் ஒருநாள் வேலிக்கு அப்பால் நின்று அந்தக் கட்டைகளைப் பார்த்துச் சிரித்தார். "ஐயா, இது மொட்டை போட்டா மறுபடி மயிர் முளைக்கிற தலை இல்லீங்க. பச்சை இருக்கிற எடத்துலதான் அதுக்கு உசிரு" என்றார். தாவர சாஸ்திரம் படித்தவர்கள் இதையே வேறு பாஷையில் சொல்லுவார்கள்: வேம்பு முதலான மரங்களின் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் ஏராளமாக இருக்கின்றன, காயம் பட்டவுடன் அவை விழித்துக்கொள்ளுகின்றன, பைனின் பழைய கட்டையிலோ அத்தகைய சேமிப்பு பெரும்பாலும் இல்லை, ஊசி இருக்கும் பகுதியில்தான் புதுக் குருத்துக்கு இடம் உண்டு. வேம்பின் விஷயத்தில் மனிதன் செய்யும் பிழையை வேம்பு மன்னித்துவிடுகிறது. பைன் மன்னிப்பதில்லை, கோபிப்பதுமில்லை, செய்தது செய்ததாகவே நின்றுவிடுகிறது.

அந்த நான்கு கட்டைகளை ஜன்னல் வழியே தினமும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான் எனக்கு ஒரு விசாரம் பிறந்தது. ஒரு மரத்தை வளர்ப்பவன் என்று நம்மை நாம் சொல்லிக்கொள்ளுகிறோமே, உண்மையில் அந்த வளர்ச்சிக்கு நாம் எந்த அளவுக்குக் கர்த்தா? வெட்டியது நான்தான்; அதில் சந்தேகமில்லை. ஆனால் துளிர்த்திருந்தால், அப்போதும் துளிர்க்கச் செய்தவன் நான்தான் என்று மார்தட்டியிருப்பேன் அல்லவா? கேட்டைச் செய்யும் சக்தி மாத்திரம் பூரணமாகவும், ஆக்கும் சக்தி சிறிதும் இல்லாமலும் இருக்கும் ஒருவனைக் கர்த்தா என்று அழைப்பது தகுமா?

இந்தக் கேள்வியைப் பற்றிக்கொண்டு நான் படித்ததெல்லாம் கடைசியில் என்னை ஜப்பான் தேசத்துத் தோட்டங்களில் கொண்டுபோய் விட்டது. பைன் மரத்தை வீட்டு முற்றத்திலும் கோயில் பிராகாரத்திலும் நட்டு, நூற்றாண்டுக் கணக்கில் கையால் தொட்டுத் தொட்டுப் பராமரிக்கும் வழக்கம் அங்கே இருப்பதுபோல் வேறெங்கும் வேரூன்றியதாக நான் அறியேன். கடற்கரையில் விளையும் கரும்பைன், குன்றுகளில் விளையும் செம்பைன் என்னும் இரண்டும் இரண்டிரண்டு ஊசிகளாகக் கொத்து விடுபவை. முன்னதை ஆண் என்றும் பின்னதைப் பெண் என்றும் வழங்குவார்கள். ஐந்தைந்து ஊசிகள் கொண்ட வெண்பைன் தொட்டி மரமாகப் பெரிதும் போற்றப்படுவது. பைனுக்கு அவர்கள் இட்ட பெயர் 'மட்சு' என்பது. காத்திருத்தலைக் குறிக்கும் வினையும் அதே ஓசை உடையது. தெய்வம் இறங்கி வரும் இடம் பைன் மரம் என்பது பழைய நம்பிக்கை. 'நோ' நாடக மேடையின் பின்சுவரில் எந்தக் கதை நடந்தாலும் மாறாமல் ஒரு பைன் தீட்டப்பட்டிருப்பதற்கும், நாரா நகரத்துக் கஸுகா ஆலயத்தில் தெய்வம் எழுந்தருளிய பைன் ஒன்றைக் காரணமாகச் சொல்லுவார்கள்.

அங்கே வசந்த காலத்தில் நடக்கும் வேலையைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் மூன்று நான்கு புதுக் குருத்துகள், இன்னும் ஊசி பிரியாமல், இளம்பச்சை மெழுகுவத்திகளைப்போல் நிமிர்ந்து நிற்கின்றன. மூன்று கால் ஏணியின்மேல் ஏறிய தோட்டக்காரர் கத்தரியைத் தொடுவதில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குருத்தைப் பிடித்துச் சற்றே சாய்க்கிறார். அது 'டக்'கென்று ஒடிந்து வருகிறது. நடுவில் வலுத்து நிற்கும் குருத்து அடியோடு போகிறது. இருபுறமும் உள்ள நடுத்தரமான இரண்டில் பாதி நிற்கிறது. மரத்தின் உச்சியில் அதிகமாகக் கிள்ளுகிறார். கீழே இறங்க இறங்கக் கிள்ளுவது குறைகிறது. அடிக்கிளையின் மெலிந்த குருத்துகளை அநேகமாகத் தொடாமலே விட்டுவிடுகிறார். காரணம் யாதெனில், பைன் தன் பலத்தையெல்லாம் உச்சிக்கே அனுப்பும் சுபாவம் உடையது. வலியவனை விட்டுவிட்டால் மேற்கிளைகள் தழைத்து வெயிலை விழுங்கும். நிழலில் பட்ட கீழ்க்கிளை ஊசி உதிர்த்து உலரும். உலர்ந்தது மறுபடி துளிர்க்காது. ஆதலால் மேலே அடக்குவதே கீழே ஊட்டுவதாக ஆகிறது.

இலையுதிர் காலத்துக்குப் பின் இன்னொரு சுற்று வருகிறது. கடந்த ஆண்டு ஊசிகளை, கொத்துக் கொத்தாக, கையாலேயே உருவிவிடுகிறார்கள். கத்தரியால் வெட்டினால் எஞ்சிய ஊசியின் முனை காய்ந்து பழுப்பு ஏறிவிடும் என்பதனால் இதற்கும் விரலே கருவி. பெரிய மரம் ஒன்றுக்குப் பல ஆட்கள் பகல் முழுவதும் உழைக்க வேண்டியிருக்கும். மாலையில் இறங்கி வருபவரின் விரல்கள் பிசின் படிந்து கறுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சவுக்காரத்துக்கு அது அசைந்து கொடாது, எண்ணெய் தடவித் தேய்த்தால்தான் போகும். (இதை மாத்திரம் நான் பிரத்தியக்ஷமாக அறிவேன். நான்கு கிளை வெட்டிய அன்று என் கையில் ஒட்டியது மூன்று நாள் இருந்தது.) இவ்வளவு பிரயத்தனத்துக்கும் பலனாகக் காண்பது யாது? மறுநாள் அங்கே வருகிறவன், காற்றும் வெயிலும் கிளைகளினூடே புகுந்து போகும் ஒரு மரத்தைக் கண்டு, இது எவ்வளவு இயற்கையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

இவ்வாறு மரத்தை ஆண்டுதோறும் கிள்ளுவதும் உருவுவதும் ஹிம்சை அல்லவா, இஷ்டம்போல் வளர விடுவதே தர்மம் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த ஆக்ஷேபத்தை நான் முழுதும் தள்ளிவிட மாட்டேன். காட்டில் நிற்கும் பைனும் தன் கீழ்க்கிளைகளைத் தானே நிழலில் வாட்டி உதிர்த்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் அது மரத்தின் சொந்தக் கணக்கு, நம்முடையது அன்று. கனஸாவா நகரத்துக் கென்ரோகுயென் தோட்டத்தில், மண்மேட்டின்மேல் நட்டு வளர்த்துப் பிறகு மண்ணை அகற்றி, நாற்பதுக்கும் மேற்பட்ட வேர்கள் ஆள் உயரத்துக்குமேல் வெளியே தெரியும்படி நிறுத்திய பைன் ஒன்று உண்டு. அதைப் புகழாதவர் இல்லை. எனக்கோ அதன் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், வித்தை காட்டுவதற்காகக் குழந்தையைக் கழியின்மேல் ஏற்றிய கழைக்கூத்தாடியின் நினைவே வருகிறது. அதே தோட்டத்தில், பீவா ஏரிக்கரையின் கராஸாக்கியிலிருந்து கொண்டுவந்த விதையில் வளர்ந்த கரும்பைன் ஒன்றும் இருக்கிறது. ஆண்டுதோறும் நவம்பர் முதல் தேதியில் அதனுள் உயர்ந்த கம்பங்களை நாட்டி, உச்சியிலிருந்து ஏறக்குறைய 800 வைக்கோற் கயிறுகளை இறக்கிக் கிளைகளைத் தாங்கும்படி கட்டத் தொடங்குகிறார்கள். அந்தப் பிரதேசத்துப் பனி ஈரம் மிகுந்தது. ஓர் இரவில் கிளையை முறித்துவிடும் கனம் உடையது. நிலத்தைத் தொடுமளவு கிளைகளைப் பரப்பி வளர்த்தவன் மனிதன். ஆகவே அந்தப் பரப்பின் பாரத்தைச் சுமக்கும் கடனும் அவனைச் சேர்ந்தது. முந்திய மரத்தில் எனக்குத் தெரிவது வேடிக்கை. பிந்தியதில் தெரிவது பொறுப்பு. இரண்டையும் செய்தவை ஒரே குலத்தின் கைகள்.

எதுவாயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. மேலே சொன்ன வேலைகள் அனைத்திலும் கை செய்வது எடுத்தல், விலக்கல், தாங்கல் என்பவையே. ஓர் ஊசியையேனும் அது முளைப்பிக்கவில்லை. முளைப்பிக்கும் காரியம் வேறோரிடத்தில் நடக்கிறது. அந்த இடத்தைப் பற்றி நூற்றாண்டுகளாகத் தோட்டக்காரருக்கும் தெரியாது, பண்டிதருக்கும் தெரியாது. 1885-ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் ஏ. பி. பிராங்க் என்பவர், மரங்களின் நுனிவேர்களைப் போர்வைபோல் மூடிக்கொண்டிருக்கும் பூஞ்சணம் ஒன்றைப் பற்றி எழுதி, வேரும் பூஞ்சணமும் கலந்த அந்த உறவுக்கு ஒரு பெயரும் இட்டார். பைனின் வேர் எட்டாத இடங்களிலிருந்து நீரையும் உப்புச் சத்துகளையும் பூஞ்சண இழைகள் கொண்டுவந்து கொடுக்கின்றன. மரம் தன் இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கைம்மாறாக அளிக்கிறது. ஜப்பானியர் பெருவிலை கொடுத்து வாங்கி உண்ணும் 'மட்சுடாக்கே' காளானும் செம்பைனின் வேரோடு இவ்விதமாகக் குடித்தனம் செய்வதுதான். பைன் இயல்பாக இல்லாத வெப்பநாடுகள் சிலவற்றில், நல்ல விதையும் நல்ல நீரும் எருவும் இருந்தும் நாற்றுகள் வெளுத்துக் குன்றி மடிந்தன; முதிர்ந்த பைன் காட்டின் அடிமண்ணைக் கூடையில் கொண்டுவந்து கலந்த பிறகே அவை பிழைத்தன. அந்த ஒரு கூடை மண்ணில் இருந்தது என்னவென்று அறியாமலே கலந்தவர்களும் உண்டு.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில், எந்தக் கர்மமும் நிறைவேறுவதற்கு ஐந்து காரணங்கள் கூறப்படுகின்றன. நிலைக்களம், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள் என்று நான்கை எண்ணிவிட்டு, ஐந்தாவதாகத் தெய்வம் என்று நிறுத்துகிறார் பகவான். இவ்வாறிருக்கத் தன்னை மாத்திரமே கர்த்தாவாகக் காண்பவன் காணாதவனே என்று தொடர்ந்து தெளிவாக்குகிறார். பூஞ்சணந்தான் அந்த ஐந்தாவது என்று நான் சொல்ல வரவில்லை. சாஸ்திரத்தை இரசாயனசாலைக்குள் இழுத்து வந்து அதன் பெருமையை நிலைநாட்டப் பார்க்கும் சாமர்த்தியத்தில் எனக்கு ருசியில்லை. பூஞ்சணம் கண்டுபிடிக்கப்பட்டவுடன் அது கருவிகளின் வரிசைக்கு வந்துவிட்டது. ஐந்தாவது இடம் மறுபடியும் காலியாகவே நிற்கிறது. நான் சொல்வது இவ்வளவுதான்: கர்த்தா என்பவன் ஐந்தில் ஒருவன், அவனை அந்த வசனம் நீக்கிவிடவில்லை, பதவி குறைத்திருக்கிறது.

நீக்கிவிடவில்லை என்பதை வற்புறுத்தக் காரணம் உண்டு. நம்மவர்களில் சிலர், நான் கர்த்தா அல்லன் என்ற மகாவாக்கியத்தைச் சோம்பலுக்குத் தலையணையாக வைத்துக்கொள்ளுகிறார்கள். தண்ணீர் ஊற்றாமல் செடி கருகினாலும் தெய்வசித்தம். ஊற்றியது தழைத்தால் மாத்திரம் என் கைராசி. பைன் தோட்டத்தில் இந்தச் சௌகரியம் செல்லாது. கிள்ள வேண்டிய மாதத்தில் கிள்ளாமல் விட்ட குருத்து அடுத்த ஆண்டு கிளையாகிவிடுகிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் தவறினால் உட்கிளைகள் இருட்டில் மடிந்து, திரும்ப வராத இடைவெளி உண்டாகிறது. முளைப்பிக்கும் அதிகாரம் இல்லாதவனுக்கு வரவேண்டிய நாளில் வரும் கடமை மாத்திரம் இருக்கிறது.

வந்து செய்வதிலும் பிழை நேரும். குளிர்காலத் தொடக்கத்தில் பைனின் அடிமரத்தில் வைக்கோற் பாயைச் சுற்றிக் கட்டிவிட்டு, மார்ச் மாதம் பூச்சிகள் விழிக்கும் நாள் என்று பஞ்சாங்கம் சொல்லும் காலத்தில் அதை அவிழ்த்துத் தீயிட்டுக் கொளுத்துவது ஜப்பானில் நெடுநாள் வழக்கம். ஊசிகளைத் தின்னும் கம்பளிப்பூச்சிகள் கதகதப்பை நாடிப் பாய்க்குள் வந்து ஒளியும். பாயோடு அவை ஒழியும் என்பது எண்ணம். பாய்களைப் பிரித்து எண்ணிப் பார்த்தவர்கள் கண்டதோ வேறு: ஒளிந்திருந்தவற்றில் கம்பளிப்பூச்சி சொற்பம், அந்தப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் சிலந்திகளும் பிற பிராணிகளுமே அதிகம். காவற்காரர்களைக் கூட்டிவைத்து எரித்திருக்கிறார்கள்! சில இடங்களில் இந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். சில இடங்களில் குளிர்காலத்தின் அழகு என்று இன்னமும் கட்டுகிறார்கள். பெருங்கேடு வேறு வழியாக வந்தது. 1905-இல் நாகஸாகிப் பக்கத்தில் பைன்கள் திடீரென்று சிவந்து மடிவதாகக் குறிப்பு எழுதப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த கண்ணுக்குத் தெரியாத நூற்புழு ஒன்று, வண்டின்மீது ஏறி மரத்துக்கு மரம் சென்று நீரோட்டத்தை அடைப்பதே காரணம் என்பது நிரூபணமானது 1971-இல். இடையே இரண்டு தலைமுறைத் தோட்டக்காரர்கள், எதனால் என்று அறியாமலே, தாங்கள் கிள்ளி வளர்த்த மரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். அவர்கள் தங்களை என்னவென்று நொந்துகொண்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு என் ஜன்னலோரத்துக் கட்டைகள் அற்பமாகத் தோன்றுகின்றன.

சீன தேசத்து ஸென் மரபில் பைன் நடுவதைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த லின்ஜி, தம் குரு ஹுவாங்போவின் மலை மடத்தில் பைன் நட்டுக்கொண்டிருந்தபோது, இந்த அடர்ந்த மலையில் இத்தனை மரம் எதற்கு என்று குரு கேட்டாராம். மடத்து வாயிலுக்கு ஒரு காட்சியாகட்டும், பின்வருவோருக்கு ஓர் அடையாளமாகட்டும் என்று சிஷ்யர் விடை சொல்லிவிட்டு, மண்வெட்டியால் தரையை மூன்று முறை தட்டினார். பின்வருவோர் என்றதைப் பற்றி வியாக்கியானங்கள் பல. மண்ணைத் தட்டியதைப் பற்றி இன்னும் பல. அவற்றுக்குள் நான் போகவில்லை. நாற்றைச் சுற்றி மண்ணை இறுக்க எந்தத் தோட்டக்காரனும் அப்படித்தான் தட்டுவான் என்பதே எனக்குப் போதுமாக இருக்கிறது.

மற்றது ஐந்தாம் ஆசாரியர் ஹொங்ரென் பற்றியது. அவர் முற்பிறவியில் மலையில் பைன் நட்டுக்கொண்டிருந்த கிழவராம். நான்காம் ஆசாரியர் தாவ்ஸினிடம் சென்று உபதேசம் வேண்ட, உமக்கு வயதாகிவிட்டது, கேட்டாலும் பரப்ப ஆயுள் இராது, வேண்டுமானால் மறுபடி பிறந்து வாரும், நான் காத்திருக்கிறேன் என்றாராம். கிழவர் மலையிறங்கி, ஓடையில் துணி வெளுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் தங்க இடம் கேட்டு, அவள் வயிற்றிலேயே தங்கி மகவாகப் பிறந்து திரும்பினார் என்பது ஐதிகம். தன் ஆயுளுக்குள் அடங்காத மரத்தை நட்டுப் பழகிய கிழவருக்கு, தன் ஆயுளுக்குள் அடங்காத ஞானத்தைக் கேட்பதில் கூச்சம் இருக்கவில்லை போலும். காத்திருக்கிறேன் என்ற குருவின் வார்த்தையில் பைனின் ஜப்பானியப் பெயர் ஒலிப்பதாக எனக்குப் படுவது வெறும் பிரமை, கதை சீனத்தது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, பற்றில்லாமல் நடுவதே உயர்ந்தது, மரம் போனால் போகிறது என்று இருப்பதே ஞானம் என்னும் முடிவுக்கு வர இருந்தேன். அப்போது காளிதாசன் குறுக்கே வந்தான். ரகுவம்சத்தின் இரண்டாம் சர்க்கத்தில், திலீப மகாராஜன் பசுவைக் காத்து இமயமலைச் சாரலில் போகும்போது, சிங்கம் ஒன்று ஒரு தேவதாரு மரத்தைக் காட்டிப் பேசுகிறது. தேவதாரு பைனின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அந்த மரத்தைச் சிவபெருமான் புத்திரனாகச் சுவீகரித்திருந்தார். பார்வதி தேவி பொற்குடங்களால் நீர் வார்த்து அதை வளர்த்தாள். ஒருநாள் காட்டு யானை ஒன்று கபோலத் தினவு தீர அதன்மேல் உராய்ந்ததில் பட்டை உரிந்துபோயிற்று. அசுரர்களின் அம்பு பட்ட ஸ்கந்தனைக் கண்டு எப்படித் துடித்தாளோ, அப்படித் துடித்தாள் தேவி. சங்கப் புலவர் ஒருவரும், விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த விதை முளைத்துப் புன்னையாக, நெய் கலந்த பாலூட்டி வளர்த்த அதைத் தாய் தன் மகளுக்குச் சகோதரி என்று சொன்னதாகப் பாடியிருக்கிறார். அந்தத் தாயின் பாசம் மனித குலத்துக்கு இயல்பு. ஆனால் சகல சிருஷ்டிக்கும் சக்தியாக இருப்பவள், கணத்தில் ஆயிரம் தேவதாருக்களை முளைப்பிக்க வல்லவள், ஒரு மரத்தின் பட்டை உரிந்ததற்காகத் துயரப்பட்டாள் என்று எழுத அந்தக் கவிக்கு எவ்வளவு துணிவு வேண்டும்! அவளிடத்தில் 'நான் வளர்த்தது' என்ற கணக்கு இருந்திருக்க முடியாது. கர்த்ருத்துவம் போனபின் துக்கமும் போய்விடும் என்று நான் எண்ணியிருந்தது தவறு. போவது என் உழைப்பு வீணாயிற்றே என்னும் துக்கம். மரத்துக்கு வலித்ததே என்னும் துக்கம் அதன் பிறகுதான் தெளிவாகத் தொடங்குகிறதோ என்னவோ.

வாஷிங்டன் நகரத்துத் தேசியத் தாவரத் தோட்டத்தில் தொட்டியில் வளரும் வெண்பைன் ஒன்று இருக்கிறது. 1625-ஆம் ஆண்டு முதல் கைவைத்து வளர்க்கப்பட்டு வருவது. அமெரிக்கச் சுதந்திரத்தின் இருநூறாம் ஆண்டை ஒட்டி 1976-இல் ஜப்பானியர் அனுப்பிய 53 தொட்டி மரங்களோடு, மஸாரு யமாக்கி என்னும் தொட்டி மர வளர்ப்பாளர் அளித்த காணிக்கையாக அது வந்து சேர்ந்தது. கிடைத்ததற்கு நன்றி கூறி, எண்ணிட்டு, மேடையில் வைத்தார்கள். 2001-இல் யமாக்கியின் பேரர்கள் தாத்தாவின் மரத்தைப் பார்க்க வேண்டும் என்று முன்னறிவிப்பின்றி வந்து நின்றபோதுதான் மற்ற விஷயம் தெரியவந்தது. 1945 ஆகஸ்டு 6-ஆம் தேதி காலையில், ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்திலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இருந்த யமாக்கியின் தோட்டத்தில், ஓர் உயர்ந்த சுவரின் மறைவில் அந்த மரம் இருந்தது. சுவர் அதைக் காத்தது. குண்டு போட்ட தேசத்துக்கு அந்த மரத்தையே தேர்ந்து அனுப்பிய மனிதர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதிக் கட்டவில்லை.

அதுவரை இருபத்தைந்து ஆண்டுகளாக, அங்கே வேலை பார்த்தவர்கள், அது எதிலிருந்து தப்பி வந்த மரம் என்று அறியாமலே அதற்குத் தண்ணீர் வார்த்தார்கள், குருத்துக் கிள்ளினார்கள், பழைய ஊசி உருவினார்கள். பேரர்கள் வந்து போன மறுநாள் காலையிலும் அதே அளவு தண்ணீரைத்தான் வார்த்திருப்பார்கள். அந்தத் தொட்டி கொள்ளுவது அவ்வளவுதானே.